பங்குனிக்குத் தொண்டை கட்டும்

மாசி மகத்துக்குச் சாமிகள்
கடலில் குளித்துவிட்டுப் போன மறுநாளே
எனக்கு வேலை தொடங்கிவிடும்.
ஆட்டோ என் பெயரில், கொம்பு ஸ்பீக்கர் இரண்டும்
மச்சான் நசரேயன் பெயரில்,
தொண்டை மட்டும் எந்தக் கடையிலும் அடகில் இல்லை.

தாழங்குப்பத்திலிருந்து எர்ணாவூர் வரைக்கும்
எது நடந்தாலும் முதலில் என் வாயில் நடக்கும்.

"கேரம் போட்டி, முதல் பரிசு கிரைண்டர்,
ஸ்ட்ரைக்கர் அவரவர் கொண்டுவரவும்."
"வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை,
கன்டெய்னர் லாரிக்காரர்கள் அரை மணி நேரம் பொறுக்கவும்."
பொறுக்க மாட்டார்கள். சொல்வது என் பிழைப்பு.
தண்ணி லாரி வராது என்பதை
வண்டியை ஓட்டிக்கொண்டேதான் சொல்ல வேண்டும்.
நின்று சொன்னால் குடம் பறக்கும்.

வேப்பம்பூ கூரையில் கொட்டக் கொட்ட
பள்ளிக்கூடத்து மதிலோரம் திரும்பினால்
பிலோமினா டீச்சர் குறுக்கே நின்று கைகாட்டுவார்:
"பத்தாங்கிளாஸ் பரீட்சை நடக்குது.
ஆறு மணிக்கு மேல வந்து கத்து, கோதண்டம்."

ஞாயிறு என்றால் இது வேறு ஊர்.
வியாசர்பாடி, மூலக்கடை, கொடுங்கையூர்,
ஷேர் ஆட்டோவுக்குப் பதினோரு பேராய் வந்து
முகத்துவாரத்தில் இறங்குவார்கள்.
நேற்று வலை காய்ந்த மணலில்
கையால் சுற்றும் ராட்டினம், பலூன் சுடும் துப்பாக்கி,
மிளகாய்த்தூள் ஒட்டிய தர்பூசணிக் கீற்று.
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிக்கு முதுகு காட்டி
புது ஜோடிகள் செல்ஃபி எடுப்பார்கள்.
ஊட்டி மாதிரி விழுகிறதாம்.

காணாமல் போகிற பிள்ளைகள் ஞாயிற்றுக்கு மூன்று.
போன வாரம் ஒருத்தி, மஞ்சள் கவுன்.
உன் பேர் என்ன? தெரியாது.
அப்பா பேர்? "ஏய்."
"ஏய் என்பவரின் மகள் என்னிடம் இருக்கிறாள்" என்றேன்.
கடற்கரையில் நாற்பது ஆண்கள் திரும்பினார்கள்.

வியாழன் ராத்திரி
காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் வண்டியை மறித்தார்கள்.
ஆமை முட்டை பொரிகிறது அண்ணா,
கடல் பார்த்த வீட்டிலெல்லாம் விளக்கை அணைக்கச் சொல்லுங்க.
எவ்வளவு தருவீங்க?
ஒரு டீ.

சொன்னேன்.
டீக்கடை அணைந்தது. மாதா கெபியின் சீரியல் செட் அணைந்தது.
டியூப்லைட்டுக்குக் கீழே மீன் ஆய்ந்த வசந்தமணி
செதில் கையோடு எழுந்துபோய் ஸ்விட்சைத் தட்டினாள்.
கேரம் கிளப்பில் அரையிறுதி, ரெட் குழி வாயில் நிற்க,
ஏசிக்கொண்டே அணைத்தார்கள்.
இருபது வருஷத்தில் நான் சொல்லி
ஊர் மொத்தமும் கேட்டது இதுதான் முதல் தடவை.
பயமாக இருந்தது.

மணல் லேசாகக் கொதித்தது.
கேரம் காய்க்குக் கால் முளைத்த மாதிரி
ஒன்று, பிறகு ஏழு, பிறகு எண்ண முடியவில்லை.
எல்லாம் வடக்கே நடந்தன.

வடக்கே துறைமுகம்.
கிரேனுக்குக் கிரேன் பகல் போல விளக்கு.
நான் மைக்கை எடுத்தேன்.
யாரை விளித்துச் சொல்வது?
என் கொம்புக்கு முந்நூறு அடி. அந்த வெளிச்சத்துக்குக்
காவல் இருக்கிறது, கேட் இருக்கிறது, காது இல்லை.

கிளப் பையன்கள்தான் ஓடிப்போய்
போட்டி ஃபிளெக்ஸை அறுத்துக்கொண்டு வந்தார்கள்.
முப்பதடி நீளம். ஸ்பான்சர்கள் பதினாறு பேர்
வெள்ளைச் சட்டையில் சிரிக்க, நடுவில் கிரைண்டர்.
ஆளுக்கொரு முனை பிடித்து
துறைமுகத்தை மறைத்து நின்றோம்.
கை கடுத்தது. பின்பக்கம் வெளிச்சம் பட்டு
கிரைண்டர் மட்டும் நிலா போல எரிந்தது.
அதனடியில் கொஞ்சம் இருட்டு,
ஒரு வீட்டு வாசல் அளவுக்கு.
அது போதுமாக இருந்தது அவற்றுக்கு.
ஒவ்வொன்றாகக் கிழக்கே திரும்பின.

விடிந்தபோது குரல் வரவில்லை.
வசந்தமணி மிளகு ரசம் கொடுத்தனுப்பினாள்.
ஏழு மணிக்குத் தண்ணி லாரி வந்து நின்று
ஹாரன் அடித்தது, அடித்தது.
நான் சொல்லாததால்
ஒருத்தரும் குடம் எடுத்து வரவில்லை.